சொந்த முகவரியும் பொது நினைவும்: தமிழ் வலைப்பதிவுகளின் வரலாறு காட்டும் பாடம்

தமிழில் எழுதுவோரும் படிப்போரும் இணையத்தில் சந்தித்துக்கொள்ளும் களம் இருபது ஆண்டுகளுக்குள் முற்றிலும் இடம்பெயர்ந்திருக்கிறது. 2003 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தனிமனிதர்கள் நடத்திய வலைப்பதிவுகளே அந்தக் களமாக இருந்தன. அதன்பின் அது முகநூல், ட்விட்டர், வாட்ஸப், யூடியூப் ஆகிய நிறுவனத் தளங்களுக்குள் போய்ச் சேர்ந்தது. இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் பலரும் அதை வாசகரின் ரசனை மாற்றமாக, அதாவது நீண்ட எழுத்தைப் படிக்கும் பொறுமை குறைந்து துணுக்குகளில் நாட்டம் மிகுந்ததன் விளைவாக விளக்குகின்றனர். அந்த விளக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு என்றாலும், எழுத்து எங்கே தங்குகிறது, அதன் முகவரி யார் பெயரில் இருக்கிறது, மற்றவர் அதைக் கண்டடையும் வழி யார் கையில் இருக்கிறது என்னும் மூன்று கேள்விகளை அது தொடுவதேயில்லை. இக்கட்டுரை அம்மூன்று கேள்விகளையும் தமிழ் வலைப்பதிவுகளின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்கிறது. சொந்த முகவரியில் வெளியிடும் பழக்கம் ஒரு மொழிச் சமூகத்தின் பொது நினைவைக் காக்கும் ஏற்பாடு என்பதும், தமிழர் அந்த ஏற்பாட்டைப் பாதியளவே கட்டி முடித்தனர் என்பதும், எஞ்சிய பாதியைக் கட்டும் வாய்ப்பு இன்னும் கைநழுவவில்லை என்பதும் இதன் வாதங்கள்.

முகவரி, இணைப்பு, ஓடை

1989-இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த வையவிரிவலை மூன்று உறுப்புகளால் ஆனது: ஆவணத்தை எழுதுவதற்கான குறிமொழி, ஆவணத்தைக் கேட்டுப் பெறுவதற்கான நெறிமுறை, ஒவ்வோர் ஆவணத்துக்கும் உரிய தனி முகவரி. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இத்தொழில்நுட்பத்தை உரிமத்தொகை எதுவுமின்றி உலகத்தின் பொதுச் சொத்தாக்கியது. ஆகவே ஒரு பக்கத்தை வெளியிடுவதற்கோ இன்னொருவர் பக்கத்தைச் சுட்டி இணைப்புத் தருவதற்கோ எவரிடமும் அனுமதி கேட்க வேண்டிய தேவை எழவில்லை. இவ்வாறு அனுமதி தேவைப்படாமையே தனித்தியங்கும் இணையம் என்று இன்று குறிப்பிடப்படுவதன் அடிப்படை. எழுதுபவர் தம் பெயரில் பதிவுசெய்த முகவரியில், தம் கட்டுப்பாட்டில் உள்ள வழங்கியில், எவரும் படிக்கத்தக்க திறந்த வடிவத்தில் வெளியிடுவதை அத்தொடர் குறிக்கிறது.

தொடக்கத்தில் இதற்குக் குறிமொழி அறிவு தேவைப்பட்டது. 1999-இல் வந்த பிளாகர் சேவையும் 2003 மே மாதத்தில் மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வெளியிட்ட வேர்ட்பிரஸ் மென்பொருளும் அந்தத் தடையை நீக்கின. எழுதும் பெட்டியில் எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கம் தானே உருவாகும் நிலை வந்தது. ஒவ்வோர் இடுகைக்கும் மாறாத தனி முகவரி அமைந்ததால், ஒருவர் எழுதியதை மற்றொருவர் பெயர்சொல்லிச் சுட்டி, உடன்பட்டோ மறுத்தோ தம் இடத்தில் எழுத முடிந்தது.

இவற்றோடு நான்காவது உறுப்பாகச் செய்தியோடை சேர்ந்தது. 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் தோன்றிய ஆர்எஸ்எஸ் என்னும் இந்த வடிவம் மிக எளிமையானது. அது ஒரு சாதாரண உரைக்கோப்பு. அண்மையில் வெளியான ஒவ்வோர் இடுகைக்கும் தலைப்பு, முகவரி, வெளியான நாளும் நேரமும், உள்ளடக்கம் அல்லது அதன் சுருக்கம் ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். ஓடைப்படிப்பான் என்ற மென்பொருள், வாசகர் தேர்ந்துகொண்ட தளங்களின் கோப்புகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்துப் பார்த்து, புதியவற்றை ஒரே திரையில் காட்டும். யாரைப் படிப்பது என்பதை வாசகர் முடிவு செய்கிறார். வரிசையைக் காலம் முடிவு செய்கிறது. இடையில் எவரும் இல்லை. இன்றளவும் வலையொலி நிகழ்ச்சிகள் எந்தச் செயலியிலும் கேட்கக் கிடைப்பதற்கு இதே ஓடைதான் காரணம் என்பது, இத்தொழில்நுட்பம் காலாவதியாகிவிட்டது என்ற எண்ணம் தவறானது என்பதைக் காட்டும்.

தமிழில் வலைப்பதிவு வேர்கொண்ட விதம்

தமிழ் வலைப்பதிவுகள் 2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தோன்றின. அக்காலத்தில் தமிழை இணையத்தில் எழுதுவதே ஒரு தொழில்நுட்பச் சிக்கலாக இருந்தது. தகுதரம் எனப்படும் டிஸ்கி, தாம், தாப் எனக் குறியாக்கங்கள் பல புழங்கின. ஒன்றில் எழுதியதை உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். ஒருங்குறியில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தாலும், அதை ஒழுங்காகக் காட்டும் இயங்குதளங்கள் வீடுகளுக்கு வந்துசேரச் சில ஆண்டுகள் ஆயின. முகுந்த் உருவாக்கிய எ-கலப்பை என்னும் தட்டச்சுக் கருவியும், பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றச் சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் செயலியும் இலவசமாகக் கிடைத்ததால் இடைக்காலத்தின் இடர்ப்பாடுகள் குறைந்தன. வலைப்பதிவர்கள் பெருமளவில் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டதன் பயன் அவர்களுக்கு அப்பாலும் சென்றது: தமிழில் தேடினால் தேடுபொறியில் தமிழ்ப் பக்கங்கள் கிடைக்கும் நிலை உருவானதில் அவர்கள் எழுதிக் குவித்த பக்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

மென்பொருள்கள் தமிழை மனத்தில் வைத்து ஆக்கப்பட்டவை அல்ல என்பதற்கு அக்கால இடுகைகளின் முகவரிகளே சான்று. பிளாகர் சேவை இடுகையின் தலைப்பிலிருந்து உரோமன் எழுத்துகளை மட்டும் எடுத்து முகவரியை ஆக்கிக்கொள்ளும். தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால் எடுப்பதற்கு ஒன்றும் இராது. அதனால் கவிதையோ சமையல் குறிப்போ போர்க்காலப் பதிவோ எதுவாயினும், ஆண்டும் மாதமும் நீங்கலாக, முகவரி ‘பிளாக்-போஸ்ட்’ என்ற பொதுப்பெயரோடும் பெரும்பாலும் ஓர் எண்ணோடும் முடிந்தது. இத்தகைய பொதுப்பெயர் முகவரிகளின் பின்னால் எண்ணற்ற தமிழ் இடுகைகள் இருக்கின்றன. முகவரியைப் பார்த்து உள்ளடக்கத்தை ஊகிக்க வழியில்லாததால், பக்கம் அழிந்துவிட்டால் அங்கே எது இருந்தது என்ற தடயம்கூட எஞ்சாது.

எழுதியவர்களின் பரப்பு குறிப்பிடத்தக்கது. தமிழ்நாட்டிலும் பெங்களூரிலும் இருந்த கணினித்துறையினர், வளைகுடா நாடுகளில் பணிபுரிந்தோர், சிங்கப்பூர் மலேசியத் தமிழர், ஈழத்திலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்த ஈழத்தமிழர் ஆகியோர் அச்சு இதழ்களின் ஆசிரியர் மேசையைக் கடக்காமலேயே ஒருவரையொருவர் படித்தனர். 2006 முதல் 2009 வரையிலான இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில், தமிழ்நாட்டு வாசகர் பலர் ஈழத்தவரின் அன்றாட மொழியையும் அச்சத்தையும் வாதங்களையும் நேரடியாக எதிர்கொண்டது இப்பதிவுகளின் வழியாகவே.

திரட்டி என்னும் பொதுக்களம்

சிதறிக் கிடக்கும் வலைப்பதிவுகளை வாசகர் எவ்வாறு கண்டடைவது என்ற கேள்விக்குத் தமிழர் கண்ட விடை உலக அளவிலும் கவனிக்கத்தக்கது. முதலில் மதி கந்தசாமி தமிழ் வலைப்பதிவுகளின் பட்டியலொன்றைத் தொகுத்துப் பேணினார். பிறகு 2004-இல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ என்ற திரட்டியை உருவாக்கினார். திரட்டி என்பது, பதிவுசெய்துகொண்ட வலைப்பதிவுகளின் ஓடைகளைத் தொடர்ந்து படித்துப் புதிய இடுகைகளின் தலைப்புகளை ஒரே பக்கத்தில் அடுக்கும் தளம். வாசகர் தலைப்பைச் சொடுக்கினால் எழுதியவரின் இடத்துக்கே போய்ச் சேர்வார். எழுத்து திரட்டிக்குள் அடைபடுவதில்லை.

தமிழ்மணத்தின் முகப்பில் அண்மையில் இடப்பட்டவை ஒரு பட்டியலாகவும், அண்மையில் மறுமொழி பெற்றவை மற்றொரு பட்டியலாகவும் இருந்தன. வாரந்தோறும் ஒருவர் நட்சத்திரப் பதிவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அந்த வாரம் முழுவதும் முகப்பில் முன்னிலை பெற்றார். 2007-இல் தொடங்கிய ‘வலைச்சரம்’ என்ற கூட்டு வலைப்பதிவில் வாரம் ஒரு பதிவர் ஆசிரியப் பொறுப்பேற்று, தாம் விரும்பிப் படித்தவற்றை அறிமுகம் செய்தார். இவை அனைத்தும் சம்பளமில்லாத மனித உழைப்பால் நடந்தவை. எதைக் காட்டுவது என்ற முடிவின் அளவுகோல்கள், அதாவது நேரம், மறுமொழி எண்ணிக்கை, வாக்கு, பெயர் தெரிந்த ஒருவரின் பரிந்துரை ஆகியவை, எல்லோருக்கும் தெரிந்தவையாக இருந்தன.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக வர்ணிப்பது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. மறுமொழி எண்ணிக்கையால் முகப்பில் இடம்பெறும் முறையைப் பயன்படுத்தி, நண்பர் குழுக்கள் ஒரே இடுகையில் நூற்றுக்கணக்கில் பின்னூட்டமிட்டு அதை மேலே தூக்கிப் பிடித்தன. இதற்குக் ‘கும்மி’ என்றே பெயர் வழங்கிற்று. போலிப் பெயரில் வந்து வசைபாடியோரும், சாதி மதம் சார்ந்த சச்சரவுகளும், பெண் பதிவர்கள் மீதான இழிமொழிகளும் குறைவில்லை. யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்ற திரட்டியின் முடிவுகள் கடும் சர்ச்சைக்கு உள்ளாயின. எனினும் அந்தச் சர்ச்சைகள் வெளிப்படையாக நடந்தன. திரட்டியை நடத்தியோர் தம் பெயரில் விளக்கம் அளித்தனர். விலக்கப்பட்டவரின் எழுத்து அவரது முகவரியில் அப்படியே இருந்தது. கண்டடைதலை நிர்வகிப்பவரும் எழுத்தை வைத்திருப்பவரும் வெவ்வேறாக இருந்ததே இதற்குக் காரணம். அவ்விரண்டு அதிகாரங்களும் ஒரே கையில் சேரும்போது என்ன ஆகும் என்பதை அடுத்த பத்தாண்டு காட்டிற்று.

களம் இடம்பெயர்ந்த காலம்

முகநூல் 2006 செப்டம்பரில் செய்தி ஊட்டம் என்ற முகப்பை அறிமுகப்படுத்தியது. நண்பர்கள் எழுதுவதெல்லாம் ஒரே பக்கத்தில் வந்து விழும் இந்த ஏற்பாடு, பார்வைக்குத் திரட்டியை ஒத்திருந்தாலும் இயல்பில் வேறானது. திரட்டி வெளியிலுள்ள எழுத்துக்கு வழிகாட்டியது. ஊட்டமோ எழுத்தைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு, அதன் வரிசையைத் தானே தீர்மானித்தது. காலவரிசை படிப்படியாகப் பின்தள்ளப்பட்டு, பயனர் எதற்கு நின்று எதிர்வினை ஆற்றுவார் என்று கணிக்கும் படிமுறை அந்த இடத்தைப் பிடித்தது. ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் 2016-இல் இதே வழிக்கு வந்தன. விளம்பர வருவாயை நம்பி நடக்கும் தளத்துக்குப் பயனர் உள்ளே தங்கும் நேரமே சரக்கு. ஆகவே வெளியே அழைத்துச் செல்லும் இணைப்பு அத்தளத்தின் கண்ணுக்கு இழப்பாகவே தெரியும்.

இந்த இடப்பெயர்வில் 2013-ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டு ஜூலை 1 அன்று கூகுள் தன் ஓடைப்படிப்பானாகிய கூகுள் ரீடரை மூடியது. 2005-இல் தொடங்கிய அச்சேவை இலவசமாகவும் தரமாகவும் இருந்ததால், அதற்குப் போட்டியாக இருந்த பல சிறிய படிப்பான்கள் முன்பே வலுவிழந்திருந்தன. எனவே அது மூடப்பட்டபோது பல வாசகரின் வாசிப்புப் பழக்கமே அறுந்துபோயிற்று. அதே ஆண்டில் ட்விட்டர் தன் பக்கங்களுக்கான ஓடைகளை நிறுத்தியது. திறந்த வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபட்ட அதே காலத்தில் கைப்பேசி பரவியது. 2016-இல் ஜியோ வருகையால் இந்தியாவில் இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தது. கணினியே தொட்டிராத பல கோடிப் பேர் முதன்முதலாக இணையத்துக்கு வந்தபோது அவர்கள் கண்ட இணையம் முகநூலும் வாட்ஸப்பும் யூடியூபுமாகவே இருந்தது.

இந்த மாற்றத்தின் நன்மையையும் பதிவுசெய்தாக வேண்டும். வலைப்பதிவுக் காலத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் கணினியும் நேரமும் வாய்த்தவர்கள். கைப்பேசியும் சமூக ஊடகமும் சேர்ந்தே உழவரையும் ஓட்டுநரையும் இல்லத்தரசியையும் கல்லூரிக்கு முதல் தலைமுறையாகச் சென்ற மாணவரையும் பொதுவெளியில் பேச வைத்தன. ஆகவே பலரும் பேசும் இந்த வெளியை மூடாமல், அங்கே பேசப்படுபவற்றில் தங்க வேண்டியவை எப்படித் தங்கும் என்பதையே ஆராய வேண்டியிருக்கிறது.

இணைப்பின் வீழ்ச்சி

மாற்றத்தின் ஆழத்தை ஈரானிய எழுத்தாளர் ஹொசைன் டெரக்ஷானின் அனுபவம் தெளிவாக உணர்த்தும். 2001-இல் பாரசீக மொழியில் வலைப்பதிவு அமைக்கும் முறையை விளக்கி எழுதிப் பெரும் பதிவர் கூட்டம் உருவாக வழிசெய்த அவர், 2008-இல் கைதாகி, 2014 நவம்பரில் விடுதலையானார். இடைப்பட்ட ஆறாண்டுகளில் அவர் அறிந்திருந்த வலை உருமாறியிருந்தது. 2015-இல் அவர் எழுதி உலகெங்கும் பேசப்பட்ட கட்டுரையின் மையக் கருத்து, இணைப்பு தன் மதிப்பை இழந்துவிட்டது என்பதாகும். முன்பு ஓர் இணைப்பு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மதிப்பையும் வாசகரையும் கொண்டுசென்றது. இப்போது ஒவ்வொருவரும் ஊட்டத்தின் ஓட்டத்தில் அமர்ந்து எதிரே வருவதைப் பார்க்கும் நிலையில் இருக்கின்றனர் என்றும், வலை தொலைக்காட்சியைப் போல மாறிவருகிறது என்றும் அவர் விளக்கினார்.

அதன்பின் நடந்தவை அவர் கருத்தை உறுதிசெய்தன. இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழ் எழுதும் குறிப்பில் முகவரியை எழுதினாலும் அது சொடுக்கத்தக்க இணைப்பாவதில்லை. 2018 ஜனவரியில் முகநூல் நண்பர்கள், உறவினர் ஆகியோரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக அறிவித்து, பக்கங்களும் பதிப்பகங்களும் இடும் செய்திகளின் வீச்சைக் குறைத்தது. எக்ஸ் என்று பெயர்மாறிய ட்விட்டர் 2023 அக்டோபரில் வெளி இணைப்புகளின் தலைப்புகளை மறைத்துப் படத்தை மட்டும் காட்டியது. எதிர்ப்புக்குப் பின் அம்முடிவு தளர்த்தப்பட்டாலும், ஒரு நிறுவனத்தின் உரிமையாளர் நினைத்தால் கோடிக்கணக்கானோரின் இணைப்புகள் ஒரே நாளில் தலைப்பிழந்து போகும் என்பது அன்று தெரிந்தது.

தமிழ்ச் சூழலில் இதன் விளைவு மிகக் கடுமையானது. முகநூலில் எழுதப்பட்ட நல்லதோர் ஆய்வுக் குறிப்பையோ ஊர் வரலாற்றையோ மூன்று ஆண்டுகளுக்குப் பின் தேடுபொறியில் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நடவாத காரியம். கணக்கில் நுழையாதவருக்குப் பக்கம் பெரும்பாலும் முழுமையாகத் திறப்பதில்லை. எழுதியவர் கணக்கை முடக்கினாலோ, கூட்டுப் புகார்களால் கணக்கு முடக்கப்பட்டாலோ, எழுத்தும் அதன்கீழ் நடந்த விவாதமும் ஒருசேர மறைகின்றன. அச்சு இதழ்களில் இடம்பெறாத வட்டார வரலாறுகள், கோயில் கல்வெட்டுக் குறிப்புகள், நாட்டார் வழக்காறுகள், பழந்திரைப்படத் தகவல்கள் ஆகியவற்றை இன்று எழுதுவோர் பெரும்பாலும் முகநூலிலேயே எழுதுகின்றனர் என்பதை நினைத்துப் பார்த்தால் இழப்பின் அளவு புலப்படும்.

இரவல் இடத்தின் நிலை

சமூக ஊடகத்தின் குறைகளைச் சுட்டும்போது வலைப்பதிவுகளின் அடித்தளக் குறையையும் பேசியாக வேண்டும். தமிழ் வலைப்பதிவுகளில் மிகப் பெரும்பாலானவை பிளாகர் சேவை தரும், கூகுளுக்குச் சொந்தமான பிளாக்ஸ்பாட் முகவரிகளில் இருந்தன. அவை பதிவரின் பெயரைத் தாங்கியிருந்தாலும், முகவரியின் உரிமை கூகுளுடையது. இந்த இரவலின் விளைவுகள் மூன்று தருணங்களில் வெளிப்பட்டன.

முதலாவது, 2006 ஜூலையில் மும்பை இரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பின் நடந்தது. சில குறிப்பிட்ட பக்கங்களைத் தடுக்குமாறு இந்திய அரசு இட்ட ஆணையை இணையச் சேவை நிறுவனங்கள் நிறைவேற்றியபோது, பிளாக்ஸ்பாட் தளம் முழுவதுமே பல நாட்கள் தடைபட்டது. சமையல் குறிப்பு எழுதியவரின் வலைப்பதிவும் சேர்ந்தே மறைந்தது. இரண்டாவது, 2012-இல் கூகுள் தன் வலைப்பதிவுகளை நாட்டுக்கொரு முகவரிக்குத் திருப்பிவிடத் தொடங்கியது. இந்தியாவிலிருந்து படிப்போருக்கு ஒரே இடுகை ‘பிளாக்ஸ்பாட் டாட் இன்’ என்று முடியும் முகவரியில் தெரிந்தது. பலர் அந்த முகவரியையே படியெடுத்துத் தம் பக்கங்களில் இணைப்பாகத் தந்தனர். மூன்றாவது, அவ்வாறு உருவான ‘பிளாக்ஸ்பாட் டாட் இன்’ என்ற அதே பெயர் 2020-இல் புதுப்பிக்கப்படாமல் கூகுளின் கையைவிட்டு நழுவியது; அதைக் குறித்திருந்த பழைய இணைப்புகள் அனைத்தும் செயலிழந்தன. உலகின் மிகப் பெரிய இணைய நிறுவனங்களுள் ஒன்றே ஒரு பெயரைப் புதுப்பிக்கத் தவறியதன் சுமை, அந்தப் பெயரை நம்பி எழுதியோர் தலையிலும் சுட்டியோர் தலையிலும் விழுந்தது.

வாடகை வீட்டில் குடியிருப்பவர் பூச்சு வேலையும் தோட்டமும் செய்துகொள்ளலாம், ஆனால் வீட்டை விற்கும் முடிவு அவரைக் கேட்டு எடுக்கப்படுவதில்லை. இலவசத் தளங்களில் எழுதுவோர் நிலையும் அதுவே. 2009-இல் யாகூ மூடிய ஜியோசிட்டிஸ், 2014-இல் கூகுள் மூடிய ஆர்குட், 2019-இல் அது மூடிய கூகுள் பிளஸ் ஆகியவற்றில் எழுதியோர் அனைவரும் இதை அனுபவத்தில் அறிந்தவர்கள்.

தனித்தியங்கும் வலையின் மறுவரவு

இச்சிக்கலுக்கு விடைதேடி 2011 ஜூனில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் இண்டிவெப் முகாம் என்ற கூட்டம் நடந்தது. டன்டெக் செலிக், ஏரன் பரெக்கி முதலானோர் தொடங்கிய இவ்வியக்கத்தின் கொள்கை நடைமுறைக்கு உகந்தது: எழுத்தை முதலில் சொந்த முகவரியில் வெளியிட வேண்டும், அதன் படியை அல்லது இணைப்பைச் சமூக ஊடகங்களில் இட வேண்டும். இம்முறையில் வாசகர் இருக்கும் இடத்துக்கு எழுத்து போகிறது; மூலமோ எழுதியவரிடமே தங்குகிறது. தளம் மூடப்பட்டாலும் இழப்பு படிக்குத்தான், மூலத்துக்கு இல்லை.

தளங்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான திறந்த நெறிமுறைகளும் உருவாகியுள்ளன. ஒருவர் தம் தளத்தில் மற்றொருவரின் இடுகையைச் சுட்டி எழுதினால் அச்செய்தியை அந்தத் தளத்துக்குத் தெரிவிக்கும் ‘வெப்மென்ஷன்’ என்ற முறையை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 ஜனவரியில் பரிந்துரைத் தரமாக ஏற்றது. வெவ்வேறு வழங்கிகளில் இருப்போர் ஒருவரையொருவர் பின்தொடர உதவும் ‘ஆக்டிவிட்டிபப்’ நெறிமுறை 2018 ஜனவரியில் அதே தகுதியைப் பெற்றது. யூகன் ரோச்கோ 2016-இல் வெளியிட்ட மாஸ்டடான் இந்நெறிமுறையில் இயங்குகிறது. 2022 அக்டோபரில் ட்விட்டரை ஈலான் மஸ்க் வாங்கியபின் அங்கிருந்து பலர் மாஸ்டடானுக்கு வந்தனர். வேர்ட்பிரஸ் வலைப்பதிவுகளையும் இதே நெறிமுறையால் மாஸ்டடானிலிருந்து பின்தொடர முடிகிறது. மின்னஞ்சல் எந்த நிறுவனத்துடையதாயினும் ஒன்றுக்கொன்று கடிதம் போய்ச் சேர்வதைப் போன்ற ஏற்பாட்டைப் பொது உரையாடலுக்கும் கொண்டுவருவதே இம்முயற்சிகளின் நோக்கம்.

தமிழில் சொந்த முகவரியின் வலிமையைக் காட்டும் சான்று, எழுத்தாளர் ஜெயமோகனின் இணையதளம். மகாபாரதத்தை மறுஆக்கம் செய்யும் ‘வெண்முரசு’ நாவல் வரிசையை அவர் 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை நாளொரு அத்தியாயமாக இணையத்தில் வெளியிட்டார். 26 நாவல்கள் கொண்ட அந்த வரிசையை எந்த வார இதழும் தொடராக ஏற்றிருக்க முடியாது. சமூக ஊடகம் முழு ஆதிக்கம் பெற்றிருந்த அதே ஆண்டுகளில் வாசகர் நாள்தோறும் ஒரு தனித் தளத்தைத் தேடி வந்து நீண்ட உரைநடையைப் படித்தனர் என்பது, தமிழ் வாசகருக்குப் பொறுமை போய்விட்டது என்ற பொதுக்கூற்றை மறுக்கப் போதுமானது.

சொந்த முகவரி மட்டும் போதுமா

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. ஆள்களப் பெயர் எனப்படும் சொந்த முகவரியை ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். தளத்தைத் தாங்கும் வழங்கிக்கும் தனியே செலவு உண்டு. எழுதியவர் நோயுற்றாலோ மறைந்தாலோ, வீட்டாருக்குக் கடவுச்சொல் தெரியாத நிலையில், ஓரிரு ஆண்டுகளில் தளம் மறைந்துவிடும். இதற்கு நேர்மாறாக, மறைந்த பதிவர்களின் பிளாக்ஸ்பாட் பக்கங்கள் எவர் பராமரிப்பும் இன்றி இன்றும் திறக்கின்றன. இவ்வகையில் இரவல் இடம் சொந்த இடத்தைவிட நீடித்திருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே தீர வேண்டும். 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு 2023-க்குள் கிடைக்காமற்போயின என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அழிவு எல்லா வகைத் தளங்களுக்கும் பொது.

இதிலிருந்து பெறப்படுவது, முகவரியின் உரிமை தேவையானது, ஆனால் தனித்து நின்று காக்கப் போதாதது என்பதாகும். அதனோடு படியெடுப்பும் நிறுவனப் பாதுகாப்பும் சேர வேண்டும். அச்சு நூல்கள் பிழைத்திருப்பதற்குக் காரணம் அவற்றின் பல படிகள் பல இடங்களில் இருப்பதும், நூலகங்கள் அவற்றைக் கடமையாகப் பேணுவதும் ஆகும். இந்தியாவில் 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். சென்னைக் கன்னிமாரா நூலகம் அவற்றுள் ஒன்று. இணையத்தில் மட்டும் வெளியாகும் எழுத்து அச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. பிரான்ஸ் 2006-லும் பிரிட்டன் 2013-லும் இணையப் பக்கங்களையும் ஒப்படைப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்து, தேசிய நூலகங்களின் வழியே சேகரிக்கத் தொடங்கிவிட்டன.

தமிழில் இத்தகைய பணியைத் தன்னார்வலர்களே தொட்டிருக்கின்றனர். 1998 முதல் மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்னாக்கம் செய்துவருகிறது. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து அச்சு ஆவணங்களைக் காத்துவருகிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர் வலைப்பதிவர்களிடம் படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் இசைவு பெற்று, சிதறிக்கிடந்த இடுகைகளை மின்னூல்களாகத் தொகுத்து இலவசமாக வெளியிட்டுள்ளனர். இக்கடைசி முயற்சி தனிக்கவனத்துக்குரியது. ஓர் எழுத்தைப் படியெடுத்துக் காக்க வேண்டுமானால், எழுதியவரின் இசைவு முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும். திறந்த உரிமம் அந்த இசைவை வாழ்நாளுக்கும் அப்பால் செல்லுபடியாக்குகிறது.

முடிவுரை

தமிழ் வலைப்பதிவு இயக்கம் எழுதும் கருவியைத் தானே ஆக்கிக்கொண்டது. கண்டடையும் களத்தைத் தானே நடத்தியது. ஆனால் முகவரியை இரவல் வாங்கியது, காப்பகத்தைக் கட்டாமல் விட்டது. திரட்டிகள் தளர்ந்தபோது களம் கலைந்ததற்கும், கலைந்த களத்தின் எழுத்து மெல்ல மறைவதற்கும் இவ்விரு குறைகளே காரணம். சமூக ஊடகம் அந்தக் குறைகளைத் தீர்க்கவில்லை, அவற்றைப் பெருக்கியது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக உள்ளன. முகநூலில் எழுதுவோர் அங்கே எழுதுவதை நிறுத்த வேண்டியதில்லை. நிலைக்கத்தக்கது என்று தாம் கருதும் எழுத்தை முதலில் தம் தளத்தில் இட்டு, பிறகு அங்கே பகிரட்டும். தளத்தில் செய்தியோடையைத் திறந்து வைக்கட்டும். ஆண்டுக்கொரு முறை முழுப்படியைத் தரவிறக்கி இரு இடங்களில் வைக்கட்டும். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கடவுச்சொல்லையும் புதுப்பிக்கும் பொறுப்பையும் ஒப்படைக்கட்டும். திறந்த உரிமத்தைத் தளத்தின் முகப்பில் எழுதி வைக்கட்டும். வாசகர்கள் ஓர் ஓடைப்படிப்பானை நிறுவித் தாம் மதிக்கும் பத்துப் பேரின் தளங்களையேனும் அதில் சேர்க்கட்டும். தமிழ்ப் பல்கலைக்கழகங்களும் பொது நூலகத்துறையும் இணையத் தமிழைச் சேகரிப்பதைத் தம் கடமைகளுள் ஒன்றாக ஏற்க வேண்டும். 2003 முதல் எழுதப்பட்ட தமிழ் இடுகைகளில் கணிசமானவை இன்னும் திறக்கின்றன. அவற்றை எழுதியவர்களில் பலர் இன்னும் இருக்கின்றனர், கேட்டால் இசைவு தருவார்கள். இவ்விரண்டும் உண்மையாக இருக்கும் இந்த ஆண்டுகளுக்குள் அப்பணி தொடங்கப்பட வேண்டும்.